தானாக ரீஸ்டார்ட் ஆகும் கம்ப்யூட்டர்: புதுசாக எதையும் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

வேலை பாதியில் இருக்கும்போது திரை சட்டென்று கருப்பாகும், இரண்டு நொடியில் மதர்போர்டு லோகோ வந்து நிற்கும், சேமிக்காமல் வைத்திருந்த ஃபைல் போனது போனதுதான். ஒரு தடவை நடந்தால் கரண்ட் ஏதோ ஆடியிருக்கும் என்று விட்டுவிடலாம். ஒரே வாரத்தில் நாலாவது தடவை என்றால் உட்கார்ந்து பார்த்துத்தான் ஆக வேண்டும்.

நான் இதில் அடிபட்டுக் கற்றவன். என்னுடைய பழைய டெஸ்க்டாப் இப்படித்தான் நினைத்த நேரத்தில் ரீஸ்டார்ட் ஆகும். விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டேன், சரியாகவில்லை. ராம் போயிருக்கும் என்றார் ஒரு நண்பர், புது ராம் வாங்கினேன். எஸ்எம்பிஎஸ்தான் (எல்லாப் பாகங்களுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி) என்றார் இன்னொருவர், அதையும் மாற்றினேன். இரண்டு மாதம் கழித்து ஒருநாள் கேபினட்டைத் துடைக்கும்போது முன்பக்க ரீசெட் பட்டன் மேல் துணி லேசாகப் பட்டது, அந்த நொடியே சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆனது. பட்டன் உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டிருக்கிறது, மேசை கொஞ்சம் அதிர்ந்தாலே அழுத்தியது மாதிரி ஆகிவிடுகிறது. அதன் ஒயரை மதர்போர்டிலிருந்து உருவிப் போட்டேன், கதை முடிந்தது. ராமும் எஸ்எம்பிஎஸ்ஸும் தண்டச் செலவு.

அதனால் கீழே நான் சொல்வதில் வரிசை முக்கியம். செலவில்லாத, ஸ்குரூ கழற்ற வேண்டாத சோதனைகள் முதலில் வரும். அப்புறம், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ராமையும் டிரைவரையும் (ஒரு பாகத்தை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) ஒரே நாளில் மாற்றி, பிரச்சினையும் நின்றுவிட்டால், எது காரணம் என்று கடைசி வரை தெரியாது. மூன்று மாதம் கழித்து அது திரும்பி வந்தால் மறுபடி முதலிலிருந்து.

கை வைக்கும் முன்

முக்கியமான ஃபைல்களை ஒரு வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்துவிடுங்கள். இன்றைக்கே. காரணம் ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் நாம் செய்யப்போகும் ஒவ்வொரு சோதனையும் அதன் ஆயுளைக் குறைக்கும்; காரணம் வேறாக இருந்தாலும், எழுதிக்கொண்டிருக்கும்போதே திரும்பத் திரும்ப அணையும் சிஸ்டத்தில் ஃபைல்கள் சிதைவது சகஜம்.

அடுத்தது ஒரு துண்டுச் சீட்டு. ஒவ்வொரு முறை சிஸ்டம் இப்படி ரீஸ்டார்ட் ஆகி விழும்போதும் மூன்று விஷயம் எழுதுங்கள்: மணி என்ன, ஆன் செய்து எவ்வளவு நேரம் ஆனது, அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது. சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும். ஆனால் ஐந்து வரி சேர்ந்த பிறகு அந்தச் சீட்டே பாதி பதிலைச் சொல்லிவிடும். எப்போதும் கேம் ஆடும்போது மட்டும் விழுகிறதா, ஆன் செய்து இருபது நிமிடத்தில் விழுகிறதா, சும்மா இருக்கும்போதும் விழுகிறதா என்பதெல்லாம் வேறு வேறு இடங்களைக் காட்டுபவை.

முதல் கேள்வி: விழுவது விண்டோஸா, கரண்டா?

எல்லாம் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. விண்டோஸ் ஏதோ பெரிய தவறைப் பார்த்துவிட்டு, இதற்கு மேல் ஓடினால் ஆபத்து என்று தானே நிறுத்திக்கொள்வது ஒரு வகை. அதுதான் ப்ளூ ஸ்கிரீன். 2025-இல் வந்த அப்டேட்டுகளுக்குப் பிறகு விண்டோஸ் 11-இல் அது கருப்பு நிறத்தில் வருகிறது. விண்டோஸுக்கே தெரியாமல் காலுக்கடியில் தரை போய்விடுவது இன்னொரு வகை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும், ஏனென்றால் ப்ளூ ஸ்கிரீன் வந்த கையோடு ரீஸ்டார்ட் ஆகும்படிதான் விண்டோஸ் அமைக்கப்பட்டிருக்கிறது. சில நேரம் திரையைப் படிக்கக்கூட நேரம் இருக்காது.

இதைப் பிரித்துப் பார்க்க ஒரு டிக் போதும். ஸ்டார்ட் மெனுவில் ‘வியூ அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்’ என்று தேடித் திறங்கள். அட்வான்ஸ்டு பகுதியில் ‘ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி’ என்பதன் கீழ் செட்டிங்ஸ் பட்டன் இருக்கும். உள்ளே ‘ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்’ என்பதன் டிக்கை எடுத்துவிட்டு ஓகே கொடுங்கள். இனி அடுத்த முறை விழும்வரை காத்திருக்க வேண்டியதுதான். திரை எழுத்தோடு அப்படியே நின்றால் விண்டோஸ்தான் நிறுத்தியிருக்கிறது, மொபைலில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டிக்கை எடுத்த பிறகும் எந்த எழுத்தும் காட்டாமல் சட்டென்று ரீஸ்டார்ட் ஆனால், பெரும்பாலும் மின்சாரம் அல்லது ஹார்டுவேர் பக்கம்தான் போக வேண்டும். அப்போதும் விண்டோஸை ஃபார்மேட் பண்ணச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

விண்டோஸ் எழுதி வைத்திருக்கும் குறிப்பு

ஸ்டார்ட் மெனுவில் ‘ஈவென்ட் வியூவர்’ என்று தேடி, ‘விண்டோஸ் லாக்ஸ்’ கீழே ‘சிஸ்டம்’ என்பதைத் திறங்கள். நூற்றுக்கணக்கில் மஞ்சளும் சிவப்புமாக வரும், பயப்படாதீர்கள், நல்ல ஆரோக்கியமான சிஸ்டத்திலும் அப்படித்தான். சீட்டில் எழுதிய நேரத்துக்கு மட்டும் போங்கள்.

அங்கே ‘கெர்னல் பவர் 41’ என்று ஒன்று சிவப்பில் இருக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் இதைத்தான் காரணம் என்று நினைத்து நாள் கணக்கில் இதைத் தேடிக்கொண்டிருப்பார்கள். அது காரணம் அல்ல. ‘போன முறை ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லை’ என்று விண்டோஸ் அடுத்த முறை எழுந்தபோது எழுதிய வரி, அவ்வளவுதான். ஆனால் அதன் ‘டீடெய்ல்ஸ்’ பகுதியைத் திறந்து ‘பக்செக்கோட்’ என்ற எண்ணைப் பாருங்கள். 0 என்றால் விண்டோஸுக்கு எதையும் எழுத நேரமே கிடைக்கவில்லை, அதாவது கரண்ட் அல்லது ஹார்டுவேர் சந்தேகம் வலுக்கிறது. வேறு எண் இருந்தால் அது ப்ளூ ஸ்கிரீனின் எண். 278 என்றால் கிராபிக்ஸ் டிரைவர் அல்லது கார்டு. 26 நினைவக நிர்வாகத்தில் கோளாறு, ராமிலிருந்து தொடங்கலாம். 292 என்றால் ஹார்டுவேர் தானே தவறை அறிவித்திருக்கிறது: பிராசஸர், வோல்டேஜ், சூடு, ஓவர்கிளாக் (நிர்ணயித்த வேகத்தை மீறி ஓட்டுவது). 10, 80 இரண்டும் டிரைவராகவும் இருக்கலாம், ராமாகவும் இருக்கலாம், தலைவலி பிடித்தவை. இந்த எண்கள் இங்கே தசம எண்ணாக இருக்கும், ப்ளூ ஸ்கிரீன் திரையிலோ இணையத்திலோ பதினாறடிமான எண்ணாக (ஹெக்ஸாடெசிமல், ஏ முதல் எஃப் வரை எழுத்துகளும் கலந்தது) இருக்கும். இரண்டும் பொருந்தவில்லையே என்று குழம்ப வேண்டாம். விண்டோஸ் கால்குலேட்டரில் ‘புரோகிராமர்’ முறையில் மாற்றிப் பார்க்கலாம்.

அதே நேரத்தில் 1074 என்ற எண் இருந்தால் இது கிராஷே இல்லை. ஏதோ ஒரு புரோகிராம், பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட், கேட்டுக்கொண்டு ரீஸ்டார்ட் செய்திருக்கிறது. இதற்காக கேபினட்டைத் திறந்தவர்களும் உண்டு.

ஈவென்ட் வியூவர் கண்ணைக் கட்டுகிறது என்றால் ‘ரிலையபிலிட்டி ஹிஸ்டரி’ என்று தேடுங்கள். நாள்வாரியாக ஒரு வரைபடம் வரும். முதல் சிவப்புக் குறி எந்த நாளில் விழுந்திருக்கிறதோ, அதற்கு முந்தைய ஓரிரு நாட்களில் என்ன இன்ஸ்டால் ஆனது என்று பாருங்கள். பல நேரம் விஷயம் அங்கேயே முடிந்துவிடும்.

விண்டோஸ் பக்கம் என்று தெரிந்தால்

ஒரு மோசமான டிரைவர் மட்டும் போதும், புத்தம்புது சிஸ்டத்தையும் படுக்க வைத்துவிடும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பழுதான ஓர் அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கருவிகள் விழுந்ததாக மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. எழுவதும் விழுவதுமாகச் சுழன்ற அந்த மெஷின்களில் ஒரு பாகம்கூடப் பழுதில்லை. சேஃப் மோடில், அதாவது அத்தியாவசியமானதை மட்டும் வைத்து விண்டோஸ் ஓடும் முறையில், போய் ஒரே ஒரு ஃபைலை அழித்ததும் எழுந்துகொண்டன.

சேஃப் மோடு நமக்கும் நல்ல அளவுகோல். ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுங்கள். ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட், பிறகு 4. விண்டோஸுக்குள்ளேயே போக முடியவில்லை என்றால், பூட் ஆகும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, இதையே இரண்டு மூன்று முறை செய்தால் ரெகவரி திரை தானாக வரும். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால் இந்த இடத்தில் ரெகவரி கீ கேட்கலாம். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று முன்கூட்டியே வேறொரு மொபைலில் பார்த்துக்கொள்வது புத்திசாலித்தனம். சேஃப் மோடில் மணிக்கணக்காக விழாமல் ஓடினால் சந்தேகம் டிரைவர் மேல்தான்: சமீபத்தில் போட்டதைக் கழற்றுங்கள், கிராபிக்ஸ் டிரைவர் என்றால் பழையதை முழுக்க நீக்கிவிட்டு, தயாரிப்பாளரின் தளத்திலிருந்து எடுத்து மறுபடி போடுங்கள். ‘டிரைவர் அப்டேட் செய்து தருகிறேன்’ என்று வரும் இலவச புரோகிராம்கள் வேண்டவே வேண்டாம்.

விண்டோஸின் சொந்த ஃபைல்கள் கெட்டிருக்கலாம். கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, எஸ்எஃப்சி என்று ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, கேள்விக்குறி விசையில் இருக்கும் சாய்கோடு போட்டு, ஒட்டியே ஸ்கேன்நவ் என்று தட்டி என்டர் கொடுங்கள். கொஞ்ச நேரம் ஓடும், கெட்டதைத் தானே சரிசெய்யும். வைரஸா என்று கேட்பீர்கள். ஒரு முழு ஸ்கேன் ஓட விடுங்கள், தப்பில்லை, ஆனால் தானாக ரீஸ்டார்ட் ஆவதற்கு இந்தக் காலத்தில் வைரஸ் காரணமாக இருப்பது அபூர்வம்.

இவை எதிலும் முடிவு தெரியவில்லை என்றால், எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்று இருக்கிறது. ஒரு பென்டிரைவில் உபுண்டு மாதிரி ஒரு லினக்ஸைப் போட்டு, இன்ஸ்டால் செய்யாமல் ‘ட்ரை’ என்று கொடுத்து அதிலேயே இரண்டு மூன்று மணி நேரம் வீடியோ பாருங்கள், பிரவுஸ் பண்ணுங்கள். அங்கேயும் விழுந்தால் விண்டோஸ் நிரபராதி. அங்கே விழாமல் இருந்தால் உடனே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள், அதிக பாரம் ஏறும்போது மட்டும் விழுகிற ஹார்டுவேர் பழுது இதில் தப்பித்துவிடும்.

கேபினட்டுக்கு வெளியே

சுவர் பிளக்கை மாற்றிப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தவிர்த்து நேராகச் சொருகுங்கள். யுபிஎஸ் இருந்தால் ஒரு நாள் அதை விட்டுவிட்டு ஓட்டிப் பாருங்கள். பேட்டரி தளர்ந்த யுபிஎஸ், கரண்ட் ஒரு கணம் மின்னும்போது தாங்காமல் சிஸ்டத்தைக் கீழே போட்டுவிடும், விளக்கு அணைந்ததைக்கூட நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். ஏசியோ ஃபிரிட்ஜோ ஆன் ஆகும் நேரத்தில் விழுகிறதா என்பதையும் சீட்டில் குறித்துவையுங்கள். அப்புறம் எஸ்எம்பிஎஸ் பின்னால் சொருகும் அந்தத் தடித்த கேபிளை ஒரு தடவை நன்றாக அழுத்திவிடுங்கள். ஆடினால் கேபிளை மாற்றுங்கள்.

திறந்த பிறகு

சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து மிச்சமிருக்கும் கரண்டை வடிய விடுங்கள். உள்ளே எதையும் தொடும் முன் கேபினட்டின் வெறும் உலோகத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள், உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் ராமைக் கொல்லக்கூடியது. எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் பிரிக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் ஆளைத் தாக்கும் அளவு மின்சாரம் நிற்கும்.

முதலில் அந்த ரீசெட் பட்டன். மதர்போர்டின் ஓரத்தில் முன்பக்கப் பட்டன்களின் ஒயர்கள் சொருகியிருக்கும் இடத்தில், ரீசெட் என்று எழுதிய இரண்டு பின் கனெக்டரை உருவிவிட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள். பவர் பட்டனும் ஒட்டிக்கொள்ளும், ஆனால் அது நான்கைந்து நொடி அழுத்தத்தில் சிஸ்டத்தை அணைத்துவிடும், ரீஸ்டார்ட் செய்யாது.

கண்ணால் பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் சிறு உருளைகளின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியோ கசிந்தோ இருந்தால் அந்த போர்டின் காலம் முடிந்தது. 24 பின் கேபிளையும், பிராசஸருக்கு அருகில் இருக்கும் 8 பின் கேபிளையும் கழற்றி மறுபடி ‘டிக்’ சத்தம் வரும்வரை சொருகுங்கள். கருகிய வாடையோ நிறமோ இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

தூசி. ஊதும்போது ஃபேனை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சும்மா விட்டால் அளவுக்கு மீறிச் சுற்றி பேரிங் கெட்டுவிடும். பிராசஸர் மேல் இருக்கும் ஹீட் சிங்க்கை (சூட்டை இழுக்கும் உலோகத் துண்டு) லேசாக ஆட்டிப் பாருங்கள். நான்கு மூலையிலும் அழுத்திச் சொருகும் பிளாஸ்டிக் பின் உள்ள வகையில் ஒரு மூலை விடுபட்டிருப்பது அடிக்கடி நடப்பது. இரண்டுக்கும் நடுவில் தடவியிருக்கும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாக உதிர்ந்தால் துடைத்துவிட்டு நடுவில் ஒரு பொட்டு அளவு வையுங்கள், போதும்.

சூடு எவ்வளவு என்பதை ஹெச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் பார்க்கலாம். சும்மா இருக்கும்போது 35 முதல் 50 டிகிரி செல்சியஸ் இயல்பு. வேலை ஏறியதும் 95, 100-ஐத் தொட்டால் பிராசஸர் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதையும் மீறினால்தான் அணையும். இதில் ஒரு நுணுக்கம்: சூட்டினால் அணைந்த சிஸ்டம் பெரும்பாலும் அணைந்தபடியே நிற்கும், உடனே எழுந்து வராது. உடனுக்குடன் ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் சூட்டைவிட மின்சாரத்தையும் ராமையும் முதலில் பாருங்கள்.

ராமும் எஸ்எம்பிஎஸ்ஸும்

ராமுக்குள் போகும் முன் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும், மதர்போர்டின் அமைப்புத் திரை) எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்று ஒன்று ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். ராம் பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் அந்த வேகம் உண்மையில் ஓவர்கிளாக்தான், எல்லா பிராசஸரும் மதர்போர்டும் அதைத் தாங்கிக்கொள்வதில்லை. அதை ஆஃப் செய்து, ‘லோடு டிஃபால்ட்ஸ்’ கொடுத்து ஒரு வாரம் ஓட்டுங்கள். பாதிப் பேருக்கு இங்கேயே நின்றுவிடும் என்பது என் ஊகம்.

நிற்கவில்லையா, ராமைக் கழற்றி, தங்க நிறப் பட்டைகளைச் சுத்தமாகத் துடைத்து மறுபடி சொருகுங்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ராம் என்றால் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும்தான் வழக்கமான இடம். பிறகு ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளைப் பென்டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் பிழைதான், ‘ஒன்றுதானே’ என்று விடுகிற விஷயம் இல்லை. பிழை வந்தால் ஒவ்வொரு ராமையும் தனித்தனியாக, ஒரே ஸ்லாட்டில் வைத்துச் சோதியுங்கள். எல்லா ராமும் ஒரே ஸ்லாட்டில் மட்டும் பிழை காட்டினால் ராம் நல்லது, ஸ்லாட் மோசம்.

எஸ்எம்பிஎஸ்ஸைப் பிடிப்பது கொஞ்சம் கஷ்டம். சும்மா இருக்கும்போது ஒழுங்காக நடந்துகொண்டு பாரம் ஏறியதும் கைவிடுவது அதன் குணம். 12 வோல்ட் லைன் 11.4-க்கும் 12.6-க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்பது விதி, ஆனால் மென்பொருள் காட்டும் வோல்டேஜை நம்ப முடியாது, கண நேரச் சரிவு மல்டிமீட்டரிலும் தெரியாது. நான் செய்வது இது: ஓசிசிடி மாதிரி ஒரு மென்பொருளில் பிராசஸருக்கு மட்டும் அரை மணி நேரம் பாரம் கொடுப்பேன், பிறகு கிராபிக்ஸ் கார்டுக்கு மட்டும், கடைசியில் இரண்டுக்கும் சேர்த்து, சூட்டை ஒரு கண்ணில் பார்த்துக்கொண்டே. தனித்தனியாகத் தாங்கி, இரண்டும் சேர்ந்தபோது மட்டும் விழுந்தால் எஸ்எம்பிஎஸ் மேல் பெரிய சந்தேகம். அப்போதும் உடனே வாங்காமல், நல்ல நிலையில் இருக்கும் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கள். மாட்டும்போது அதனுடன் வந்த கேபிள்களையே பயன்படுத்துங்கள். கழற்றி மாட்டும் கேபிள்கள் பார்க்க ஒன்று போல இருந்தாலும் மாடலுக்கு மாடல் உள்ளே வரிசை வேறு, மாற்றிச் சொருகினால் டிஸ்க்கும் போர்டும் ஒரே நொடியில் போய்விடும்.

மிச்சம் இருப்பவை

டிஸ்க் பழுது என்றால் பெரும்பாலும் முதலில் ஹேங் ஆகி, பிறகுதான் விழும். டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் ‘காஷன்’ அல்லது ‘பேட்’ என்று வந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். பிராசஸரிலேயே கிராபிக்ஸ் இருந்தால் தனி கார்டைக் கழற்றிவிட்டு இரண்டு நாள் ஓட்டிப் பார்க்கலாம். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரியைப் பலர் குற்றம் சொல்வார்கள். அது தீர்ந்தால் நேரமும் பயாஸ் அமைப்பும் மறந்துபோகும், ஓடுகிற சிஸ்டம் அதனால் விழுவது அரிது.

இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர் வைத்திருப்பவர்கள் மட்டும் இதைக் கவனியுங்கள். அவற்றில் சில மாடல்கள் அதிக வோல்டேஜால் நாளடைவில் நிலைதடுமாறுவதை 2024-இல் இன்டெலே ஒப்புக்கொண்டு, பயாஸ் அப்டேட் வழியாகத் திருத்தம் வெளியிட்டது, வாரண்டியையும் 2 ஆண்டு நீட்டித்தது. ஏற்கெனவே கெட்டுப்போன பிராசஸரை அந்த அப்டேட் திருத்தாது, வாரண்டியில்தான் மாற்ற வேண்டும். இன்னொன்று, பயாஸ் அப்டேட் நடுவில் சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆனால் போர்டே எழாமல் போகலாம். அடிக்கடி விழும் சிஸ்டத்தில் விண்டோஸுக்குள்ளிருந்து அதைச் செய்யாதீர்கள். போர்டின் பின்புறம், பென்டிரைவிலிருந்து நேராக பயாஸை மாற்றும் ஃபிளாஷ்பேக் பட்டன் இருந்தால் அதுதான் பாதுகாப்பான வழி.

இவ்வளவும் பார்த்த பிறகு மிஞ்சுவது மதர்போர்டும் பிராசஸரும். அவற்றை வீட்டில் பிரித்தறிய மாற்றுப் பாகங்கள் வேண்டும், சர்வீஸுக்குக் கொடுப்பதே மேல். கொடுக்கும்போது டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ள முடிந்தால் வைத்துக்கொள்ளுங்கள், பாகங்களின் சீரியல் எண்களைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், வாரண்டி பில்லைத் தேடுங்கள். அந்தத் துண்டுச் சீட்டையும் கூடவே கொடுங்கள், ‘ராம் இரவு முழுக்க ஓட்டினேன், பிழை இல்லை, எஸ்எம்பிஎஸ் மாற்றிப் பார்த்தேன், லினக்ஸிலும் விழுகிறது’ என்று கீழே மூன்று வரி எழுதி.